நூறு கிராம் காற்று

மறைக்கல்வி வகுப்பு முடிந்து வெளியே வந்த நம்மை ஒரு சிறுவன் வழிமறித்தான். “ஃபாதர், செவ்வாயில ஒரு காலத்துல ஆறு ஓடிச்சாமே, அந்தத் தண்ணியெல்லாம் எங்க போச்சு?” இறையியல் கற்ற நமக்கு விடை தெரியவில்லை. அடுத்த ஞாயிறு சொல்வதாக வாக்களித்துத் தப்பினோம்.

படித்து அறிந்தது இதுதான். கதிரவனிடமிருந்து மின்னேற்றத் துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 400 கி.மீ. வேகத்தில் இடையறாது வீசுகின்றன. இதுவே சூரியக் காற்று. பூமியின் உள்ளே உருகிச் சுழலும் இரும்பு காந்தப்புலத்தைப் பிறப்பித்து, அதன் பெரும்பகுதியை விலக்கிவிடுகிறது. செவ்வாயோ சிறிய கோள். அதற்கிருந்த காந்தக் கவசம் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்தது. அன்றுமுதல் அதன் மேல் வளிமண்டல அணுக்கள் கதிரவனின் புற ஊதாக் கதிரால் மின்னேற்றம் பெற்று, சூரியக் காற்றில் சிக்கி விண்வெளிக்கு இழுத்துச் செல்லப்படுகின்றன. காற்று மெலியவே நீரும் நிலைக்கவில்லை. ஒரு பகுதி விண்ணில் கலந்தது; மறுபகுதி பனியாகவும் பாறைக்குள்ளும் ஒடுங்கிற்று.

நமக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யான், மென்கா என்னும் கருவியால் செவ்வாயின் புறவளியை ஆராய்ந்தது. அதே மாதம் அமெரிக்கா ஏவிய மேவன் கலம் இழப்பையே அளந்தது. 2015-இல் வெளியான கணக்கு: நொடிக்குச் சுமார் 100 கிராம், சூரியப் புயலின்போது பன்மடங்கு. 100 கிராம் என்பது ஒரு காப்பித்தூள் பொட்டலம்!

சிறுவனின் தந்தை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் வேலை செய்பவர். எனவே, “லேத்தில் இரும்பு சீவல் சீவலாகத் தேய்வதுபோல” என்று விளக்கினோம். “அப்போ, ஒரே நாள்ல போகலியா?” என்றான். அச்சொல் நம்மைத் தைத்தது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இதே பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். அப்போது கோயில் மாடியிலிருந்து ஏரி தெரியும். அதன் கரையோரம் எழுந்த வீடுகளை ஒவ்வொன்றாக மந்திரித்தோம், தீர்த்தம் தெளித்தோம், கேசரியும் உண்டோம். ஒவ்வொன்றும் ஓர் உழைப்பாளியின் வாழ்நாள் சேமிப்பு. எவரும் ஏரியை அழிக்க வந்தவரல்லர். இன்று அதே மாடியிலிருந்து நீர் தெரிவதில்லை. மழைக்காலத்தில் அவ்வீடுகளுக்குள்தான் அது தெரிகிறது. ஏரி எந்த நாளில் போயிற்று என்று நம்மால் சொல்ல இயலவில்லை. போகும்போதெல்லாம் நாம் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.

சென்ற வாரம் ஓர் அன்பர் புதுமனை மந்திரிப்புக்கு நாள் கேட்டு வந்தார். நாட்காட்டியைப் புரட்டுமுன், “மனை எங்கே?” என்று கேட்டோம். அவர் சற்றுத் தயங்கினார். நாமும் உடனே நாள் குறிக்கவில்லை.