வாழைப்பழ டாக்டர்

1/ போன மாசம் பக்கத்து அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர் கூப்பிட்டாங்க. "சார், டிஎன்ஏ பாடம் நடத்துறேன். பசங்களுக்கு நேர்ல காட்ட முடியுமா?" தாராளமா முடியும். ஒரு வாழைப்பழம், உப்பு, பாத்திரம் கழுவுற லிக்விட், வடிகட்ட வெள்ளைத் துணி, ஐஸ்ல வெச்ச ஸ்பிரிட். அவ்வளவுதான் தேவை.

2/ பழத்தை உப்புத் தண்ணி விட்டு நல்லா பிசையணும். செல்லைச் சுத்தி இருக்குற சவ்வுல கொழுப்பு இருக்கு. எண்ணெய்ப் பிசுக்குத் தட்டைக் கழுவுற அதே லிக்விட் இந்தச் சவ்வையும் உடைச்சிடும். உள்ள இருக்குற டிஎன்ஏ தண்ணிக்கு வந்துடும். துணியில வடிகட்டிட்டு, மேல ஸ்பிரிட்டை ஊத்தணும். தண்ணியில கரையுற டிஎன்ஏ ஸ்பிரிட்ல கரையாது. உப்பும் உதவி செய்ய, வெள்ளையா திரண்டு வரும்.

3/ முதல் தடவை சொதப்பிட்டேன். மடமடன்னு ஊத்துனதுல எல்லாம் கலங்கிப் போச்சு. பசங்க சிரிப்பு அடங்கவே இல்ல. கடைசி பெஞ்ச்ல இருந்து ஒரு பொண்ணு எழுந்து வந்தா. "நான் ஊத்தவா சார்?" கிளாஸைச் சாய்ச்சு, ஓரமா, பொறுமையா ஊத்துனா. ரெண்டு நிமிஷத்துல பஞ்சு மாதிரி வெள்ளை நூல் மிதந்துச்சு. வகுப்பே எட்டிப் பாத்துச்சு.

4/ இது சுத்தமான டிஎன்ஏ இல்ல, கொஞ்சம் புரதமும் சேர்ந்திருக்கும். ஒத்தை இழையைக் கண்ணால பாக்கவும் முடியாது. நாம பாக்குறது எக்கச்சக்கமான இழைகள் சேர்ந்த கொத்து. 1869ல ஜெர்மனியில ஃப்ரீட்ரிக் மீஷர்ங்கிற இளம் டாக்டர் இதை முதல்ல பிரிச்செடுத்தது எதுலேர்ந்து தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியில இருந்த சீழ்லேர்ந்து! "ச்சீய்ய்"ன்னு கத்துனாங்க.

5/ பெல் அடிச்சதும் எல்லாரும் ஓடிட்டாங்க. அந்தப் பொண்ணு மட்டும் நின்னா. "சார், என் தம்பிக்கு தலசீமியா. மாசாமாசம் ரத்தம் ஏத்துறோம். டாக்டர் பரம்பரை வியாதின்னாராம். உன் பரம்பரையில இருந்து கொண்டு வந்துட்டியேன்னு அப்பத்தா அம்மாவைத் தினமும் திட்டுது. அது இந்த நூல்லதான் இருக்கா சார்?"

6/ எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. 'பரம்பரை வியாதி'. ஓபில நானும் எத்தனை தடவை இந்த ரெண்டு வார்த்தையைச் சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருக்கேன். அது எத்தனை அம்மாக்களோட தலையில போய் விழுந்துச்சோ.

7/ உக்கார வெச்சுச் சொன்னேன். "ஆமாம்மா, இதுலதான் இருக்கு. ஆனா அம்மாகிட்டேர்ந்து ஒரு ஜீன், அப்பாகிட்டேர்ந்து ஒரு ஜீன். ரெண்டுலயும் குறை இருந்தாதான் தம்பிக்கு வந்த மாதிரி வரும். ரெண்டு பேரும் கேரியரா இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு. கேரியருக்கு பெரும்பாலும் ஒரு தொந்தரவும் இருக்காது. அதனால உங்க அப்பாவுக்கும் தெரிஞ்சிருக்காது, அம்மாவுக்கும் தெரிஞ்சிருக்காது. இதுல யார் மேலயும் தப்பு இல்ல."

8/ போன வாரம் ரத்தம் ஏத்துற வார்டுல ரவுண்ட்ஸ். ஒரு அம்மா எழுந்து நின்னாங்க. "நீங்கதான் அந்த வாழைப்பழ டாக்டருங்களா?" பொண்ணு வீட்டுலயே பழத்தைக் கரைச்சு அப்பத்தாவுக்குக் காட்டியிருக்கா. "இதுல பாதி உன் பையன் கொடுத்தது"ன்னு சொல்லியிருக்கா. "அவங்க என்ன சொன்னாங்க?" "ஒண்ணும் சொல்லல சார். ஆனா இன்னிக்குத் துணைக்கு வந்திருக்காங்க." கட்டில் ஓரத்துல ஒரு பாட்டி பேரனோட காலைப் பிடிச்சு விட்டுட்டு இருந்தாங்க.

9/ கல்யாணத்துக்கு முன்னாடி, விட்டுப்போனா கர்ப்பத்தோட ஆரம்பத்துலயே, நீங்க தலசீமியா கேரியரான்னு ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க. முக்கியமா குடும்பத்துல யாருக்காவது இருந்தா. ரெண்டு பேருமே பண்ணணும், பொண்ணு மட்டும் இல்ல.

10/ நான் இப்போ 'பரம்பரை வியாதி'ன்னு சொல்றதை விட்டுட்டேன். "அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்டேர்ந்தும் வந்தது"ன்னு சொல்றேன். கூடுதலா ஆகுறது அரை நிமிஷம்தான்.