குச்சிக் கிழங்கும் அமெரிக்க பாரமும்

'பி.காம். படிச்சவன்' என்ற ஒரே குற்றத்துக்காக எங்கள் தீர்த்தமலையில் நான் அனுபவிக்கிற தண்டனை கொஞ்சநஞ்சமல்ல. நகைக் கடனுக்கு வட்டிக் கணக்கா, மொய் நோட்டில் கூட்டல் தப்பா, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கணுமா... எல்லாம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். "நான் பத்திரிகைக்கு எழுதறேங்க" என்றால், "அது சரி, வேலைக்கு எங்க போறே?" என்று கேட்கிற ஊர்!

2024 டிசம்பரில் ஒரு நாள் காலை, என் தாய்மாமா ஒரு மஞ்சள் பையோடு வந்து உட்கார்ந்தார். பைக்குள்ளிருந்து ஒரு குச்சிக் கிழங்கை எடுத்துத் திண்ணையில் வைத்தார். மரவள்ளியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கட்டை விரலால் ஓர் அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. குப்பென்று ஒரு புளித்த வாடை.

"இதை அமெரிக்காவுக்கு எழுதி அனுப்பணும் மாப்ளே!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

புயல் என்றால் அது கடலூர், நாகப்பட்டினத்துக்காரர்கள் சமாசாரம் என்றுதான் நாங்கள் இருந்தோம். நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது. போயிற்று என்று நினைத்தால், அது நேரே எங்கள் பக்கம் விருந்தாட வந்துவிட்டது. டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., எங்கள் அரூரில் 33 செ.மீ. மழை. 'மழை வரலியே' என்று ஆண்டு முழுக்க வானத்தைப் பார்க்கிற ஊர் ஸார் இது! மாமாவின் இரண்டரை ஏக்கர் கிழங்கு அப்போது பத்து மாதப் பயிர். இன்னும் இரண்டு வாரத்தில் பிடுங்கி, சேலத்துப் பக்கம் சேகோ ஆலைக்கு லாரி ஏற்றவேண்டியது. தண்ணீர் நின்றால் குச்சிக் கிழங்கு தாங்காது. வெளியே செடி பச்சையாக நிற்கும், மண்ணுக்குள்ளே அழுகிக்கொண்டிருக்கும்.

இதற்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? மாமாவின் மகன் 2023 ஆகஸ்டிலிருந்து அங்கே எம்.எஸ். படிக்கிறான். பாதிச் செலவுக்கு பாங்க் கடன். மீதிப் பாதிக்கு கிழங்கு.

அன்று ராத்திரியே அவன் போன் செய்தான். "மச்சான், இங்க ஒரு கடையில சாயங்காலம் வேலைக்கு வரச் சொல்றாங்க. கணக்குல எழுத மாட்டாங்களாம், கையில காசு தந்துடுவாங்களாம்..."

"போடா! யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். சொன்னவன் நான்தான். மறைக்க விரும்பவில்லை.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தெரிஞ்சா விசா போயிடும் மச்சான். படிப்பும் போகும், கடன் மட்டும் இருக்கும்" என்றான்.

எனக்கு சுருக்கென்றது. ஓசியில் யோசனை சொல்கிறவனுக்கு என்ன நஷ்டம்! விமானத்தில் திருப்பி அனுப்பினால் வரப்போகிறவன் அவன்தானே?

அங்கே மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு சட்டம் இதுதான்: கல்லூரி நடக்கும் நாட்களில், வளாகத்துக்குள் மட்டும், வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். ஆனால் நூலகத்தில் ஒரு நாற்காலி காலியானால் ஐம்பது பேர் நிற்கிறார்களாம்; நம் பையனுக்குக் கிடைத்தது வாரம் எட்டு மணி நேரம். பட்டினி கிடந்தாலும் வெளியே போய் வேலை செய்ய முடியாது.

இதற்கு ஒரு விதிவிலக்கும் வைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டையே பேரிடர் புரட்டிப்போட்டால், அந்த நாட்டு மாணவர்களுக்கு மட்டும் விதியைத் தளர்த்துவார்கள். 20 மணி நேரத்துக்கு மேலும் வேலை செய்யலாம், வெளியிலும் செய்யலாம், பாடங்களையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 2010 ஜனவரியில் பூகம்பம் வந்த ஹெய்ட்டிக்கு அப்படிச் செய்தார்கள். நேபாளத்துக்கும் செய்தார்கள். நேபாளத்தில் பூமி ஆடியது 2015 ஏப்ரல் 25. அறிவிப்பு அரசிதழில் வந்தது நவம்பர் 9. ஆறரை மாதம்! வயிறு அதுவரை காத்திருக்குமா என்று அரசிதழுக்குத் தெரியாது. இருந்தாலும் வந்தது.

எங்கள் தீர்த்தமலைக் கிழங்குக்காக வாஷிங்டன் அறிவிப்பு வெளியிடுமா? வெளியிடவில்லை.

நல்ல வேளையாக, தனி மனிதனுக்கென்று ஒரு சின்னச் சந்து இருந்தது. ஒரு கல்வியாண்டு முடித்த மாணவன், தன் கையை மீறி, எதிர்பாராமல் பணக் கஷ்டம் வந்துவிட்டது என்று நிரூபித்தால், வளாகத்துக்கு வெளியே வேலைக்கு அனுமதி கேட்கலாம். கல்லூரி அலுவலர் சிபாரிசு செய்யவேண்டும். பிறகு ஐ-765 என்ற ஃபாரம். மாமா அதை 'பாரம்' என்றுதான் சொல்வார். தப்பே இல்லை!

நிரூபிப்பது எப்படி? அங்கேதான் பி.காம். மாட்டிக்கொண்டது. சிட்டா, அடங்கல், பயிர்ச் சேதத்துக்கு வி.ஏ.ஓ. சான்று எல்லாவற்றையும் சேர்த்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினேன். கிழங்கை 'டேப்பியோகா' என்று போட்டதற்குப் பையன், "மச்சான், இங்க அதைப் பாயசம் மாதிரி ஒரு இனிப்புன்னு நினைப்பாங்க. பாயசம் கெட்டுப் போச்சுன்னு ஒருத்தன் வேலை கேக்கறான்னு சிரிப்பாங்க!" என்றான். கடைசியில், 'இந்தக் கிழங்குதான் இந்த மாணவனின் கல்லூரிக் கட்டணம்' என்று ஒரே வரியில் எழுதினேன். என் எழுத்து வாழ்க்கையிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.

கூடவே ஒரு கணக்கும் போட்டேன். பாசனப் பயிர் நஷ்டத்துக்கு நம் அரசு அப்போது அறிவித்த நிவாரணம் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். இரண்டரை ஏக்கர் என்பது ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். அன்றைய நிலவரத்தில் டாலர் சுமார் 85 ரூபாய். ஆக, 200 டாலர். அமெரிக்க மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். அதாவது, பத்து மாதக் கிழங்குக்குக் கிடைக்கிற நிவாரணத்தை அந்தப் பையன் 28 மணி நேரத்தில் சம்பாதித்துவிடுவான். அவன் யாரிடமும் தானம் கேட்கவில்லை. கையைக் கட்டிப் போடாதீர்கள், அவிழ்த்து விடுங்கள் என்றுதான் கேட்டான்.

அமெரிக்காவை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கமுடியாது. நம் நாட்டு மாணவர் விசாவிலும் வேலைக்கு இடமில்லை. நேபாளத்துக்காரருக்குக் கவலையில்லை, 1950 ஒப்பந்தம் இருப்பதால் இங்கே வேலை பார்க்கலாம். ஆனால் 2019-இல் மொசாம்பிக்கை இடாய் புயல் அடித்தபோது, அந்த ஊர்ப் பையன் ஒருவன் நம் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால்? அவன் அப்பாவும் ஏதோ ஒரு கிழங்கைத்தானே நம்பியிருப்பார்! அவனைப் பற்றி நான் அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஜனவரியில் விண்ணப்பம் போயிற்று. தினமும் சாயங்காலம் மாமா வந்து, "பாரத்தை எறக்கி வெச்சாச்சா மாப்ளே?" என்று கேட்பார். "இல்லீங்க மாமா." ஒரு நாள் அவர் தொழுவத்தைத் தாண்டிப் போனபோது இரண்டு கறவை மாடுகளும் இல்லை. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையன் ஐந்து பேரோடு ஓர் அறைக்கு மாறிவிட்டான். "ராத்திரி என்னடா சாப்பிட்டே?" என்றால், "சாப்ட்டேன் மச்சான்" என்பான். என்ன என்று மட்டும் சொல்ல மாட்டான்.

ஏப்ரலில் அட்டை வந்தது. ஒரு வருடத்துக்கு அனுமதி; படிப்பு நாட்களில் வாரம் 20 மணி நேரம்.

மாமாவிடம் ஓடினேன். "அப்ப அவங்க காசு ஒண்ணும் குடுக்கலியா?" என்றார்.

"இல்லீங்க மாமா. சம்பாதிச்சுக்கச் சொல்லிட்டாங்க."

கொஞ்ச நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அது போதும்டா. தண்டல்காரன் மாதிரி நிக்க வேண்டியதில்லே பாரு" என்றவர், "மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா மாடு மிஞ்சியிருக்கும்" என்றார், மெதுவாக.

எங்கள் மலைக்கு ஒரு கதை உண்டு. சிவபூஜைக்கு காசியிலிருந்து கங்கை கொண்டுவர ராமர் அனுமனை அனுப்பினாராம். அனுமன் வர நேரமாயிற்று. ராமர் மலையில் அம்பு விட்டுத் தீர்த்தம் வரவழைத்துப் பூஜையை முடித்துவிட்டார். தாமதமாக வந்த அனுமன் கோபத்தில் வீசியெறிந்த தண்ணீர், தென்பெண்ணைக் கரையில் விழுந்து அனுமன்தீர்த்தம் ஆனது. இன்றைக்கும் ஜனங்கள் முதலில் அங்கே முழுகிவிட்டுத்தான் மலையேற வருகிறார்கள்.

தாமதமாக வந்த தண்ணீரும் வீண் போகவில்லைதான். ஆனால் பூஜைக்கு அது உதவவில்லையே, ஸார்!