மூளைக்குச் செல்லும் இரத்தமும் ஓர் அமானிதம்



இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரமளான் மாதத்தின் ஒரு ஸஹர் நேரம். வாப்பாவின் வலக்கையிலிருந்து கரண்டி நழுவித் தட்டில் விழுந்தது. எடுத்தார்கள், மீண்டும் விழுந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்கள், சொற்கள் குழறின. உம்மா பதறி முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பத்து நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. வாப்பா எழுந்து ஒளுச் செய்து, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்கும் சென்றுவிட்டார்கள். "தூக்கக் கலக்கம்" என்று அவர்கள் சொன்னதை நாங்கள் நம்பினோம். நம்புவது எளிதாக இருந்தது.

ஐந்தாம் நாள், அஸருக்குப் பிறகு, வாப்பாவின் வலப்பக்கம் முழுவதும் செயலிழந்தது. பேச்சு நின்றுபோனது.

மருத்துவர் பின்னர் விளக்கியபோதுதான், அந்த ஸஹர் நேரப் பத்து நிமிடங்கள் தூக்கக் கலக்கமல்ல என்பதை அறிந்தோம். மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்று நேரம் தடைப்பட்டு, பிறகு தானாகவே சீராகியிருந்தது. பெரிய பக்கவாதத்திற்கு முன் வரும் எச்சரிக்கை அது. தானாகச் சரியானாலும் அன்றே மருத்துவமனைக்கு ஓடியிருக்க வேண்டும். அல்லாஹ் எங்களுக்கு ஐந்து நாள் அவகாசம் தந்திருந்தான். நாங்கள் அதை வீணாக்கினோம். இன்னொரு செய்தியும் அன்றுதான் தெரியவந்தது. நோன்பு தொடங்கிய முதல் நாளிலிருந்தே வாப்பா இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியிருந்தார்கள். வீட்டில் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

எங்கள் குறையை இங்கே எழுதுவது, இதே தவறு இன்னொரு வீட்டில் நிகழாதிருக்கட்டும் என்பதற்காகவே.

இழந்த நேரம்

நம் மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோ; உடல் எடையில் வெறும் 2 விழுக்காடு. ஆனால் நாம் சுவாசித்துப் பெறும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. கழுத்தின் முன்புறம் இரண்டு, பின்புறம் இரண்டு என நான்கு தமனிகள் நிமிடத்திற்கு முக்கால் லிட்டர் அளவு இரத்தத்தை அதற்குக் கொண்டு செல்கின்றன. தனக்கென எதையும் சேமித்து வைக்காத உறுப்பு அது. இரத்தம் நின்றால் சில நிமிடங்களிலேயே அதன் செல்கள் மடியத் தொடங்கிவிடும்.

இதை அறியாத நாங்கள் என்ன செய்தோம்? சாச்சாவின் கைப்பேசியில், பக்கவாதம் வந்தால் பத்து விரல் நுனிகளிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தால் சரியாகிவிடும் என்றொரு செய்தி இருந்தது. நம்மில் பலருக்கும் அது வந்திருக்கும். அதை நம்பி ஒரு மணி நேரத்தை இழந்தோம். பிறகு அருகிலிருந்த மருத்துவமனைக்குச் சென்றோம்; அங்கே சி.டி. ஸ்கேன் இல்லை. ஸ்கேன் உள்ள இடத்தை அடைந்தபோது இஷாவும் கழிந்திருந்தது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டிருந்தது.

ஆகவே இதை மனத்தில் இருத்துவோம். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் தாழ்ந்தால், பேச்சுக் குழறினால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். வாயில் உணவோ மருந்தோ கொடுக்கக் கூடாது. அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். ஒன்றுக்கான மருந்து மற்றொன்றில் உயிரையே பறித்துவிடலாம்.

உப்புப் பொட்டலக் கணக்கு

மூளைக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்ட என்ன சாப்பிடலாம் என்பதுதான் எங்கள் உம்மா மருத்துவரிடம் கேட்ட முதல் கேள்வி. கருஞ்சீரகமா, தேனா, பேரீச்சையா என்றும் கேட்டார்கள். அவர் பதிலுக்கு, வீட்டில் உப்பு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டார்.

வீட்டிற்கு வந்து கணக்கிட்டோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு சிறு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. எங்கள் வீட்டில் ஐவர். அந்தக் கணக்கில் ஒரு கிலோ உப்பு நாற்பது நாட்கள் வர வேண்டும். எங்களுக்கு அது இருபது நாட்களுக்கே வந்தது. ஊறுகாய், கருவாடு, அப்பளம், கடை மிக்சர் ஆகியவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. இந்துப்பு வாங்கினால் கெடுதல் இல்லை என்றும் எண்ணியிருந்தோம்; அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான்.

மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தம் மூளையின் மெல்லிய நாளங்களைச் சத்தமின்றித் தடிக்கவும் இறுகவும் வைக்கிறது. வலியில்லை, தலைச்சுற்றலும் இருக்க வேண்டியதில்லை. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்று நம் பெரியவர்கள் மாத்திரையை நிறுத்துவது இதனால்தான்.

உம்மா உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தார்கள். முதல் இரண்டு வாரங்கள் முகம் சுளித்தோம். பிறகு நாக்குப் பழகிவிட்டது. கருவாடு மாதம் ஒருமுறை என்றானது. அந்த இடத்தில் மத்தி, சாளை மீன் குழம்பு வந்தது. முருங்கைக்கீரையும் பருப்பும் அன்றாடமாயின. வெள்ளிக்கிழமைதோறும் இருந்த நெய்ச்சோறும் கறியும் நின்றுவிடவில்லை; அளவு குறைந்தது. வயிற்றில் மூன்றில் ஒரு பகுதி உணவுக்கும், ஒரு பகுதி நீருக்கும், ஒரு பகுதி மூச்சுக்கும் என நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். சஹனைச் சுற்றி அமரும்போது மட்டும் அது நம் நினைவுக்கு வருவதில்லை.

பள்ளிவாசலுக்கு நடந்த கால்கள்

ஸஜ்தா செய்வதால் மூளைக்கு இரத்தம் பாய்கிறது, ஆகவே தொழுபவருக்குப் பக்கவாதம் வராது என்று சிலர் கூறுவதுண்டு. வாப்பா ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவர்கள். நாம் ஸஜ்தா செய்வது அல்லாஹ்வுக்குப் பணிவதற்காக. அதற்கு வேறு காரணம் தேவையில்லை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மூளைக்குச் செல்லும் இரத்தம் ஒரே சீராக இருக்கும்படி நாளங்கள் தாமாகவே சுருங்கி விரியும் ஏற்பாட்டை அவனே அமைத்திருக்கிறான். நெடுங்கால இரத்த அழுத்தம் குலைப்பது அந்த ஏற்பாட்டைத்தான்.

ஆனால் தொழுகையோடு சேர்ந்த ஒரு நன்மையை நாம் கைவிட்டுவிட்டோம். பனூ ஸலிமா குலத்தார் பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறும், அவர்களின் காலடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். நாமோ முந்நூறு மீட்டருக்கும் பைக்கை எடுக்கிறோம். வாரத்திற்கு 150 நிமிட விறுவிறுப்பான நடை, இதயத்திற்கும் மூளையின் நாளங்களுக்கும் மருத்துவர்கள் பரிந்துரைக்கும் குறைந்த அளவு. பள்ளிவாசலுக்குப் போய்வர ஒரு நேரத்திற்குப் பத்து நிமிடம் நடந்தாலே, நாளைக்கு மூன்று நேரத்தில் அந்த அளவைத் தாண்டிவிடலாம். பள்ளிக்குச் செல்லாத நம் பெண்கள் மாடியிலோ தெருவிலோ நடக்க வீட்டார் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். இதை வாப்பாவின் விஷயத்திற்குப் பிறகுதான் எங்கள் வீட்டு ஆண்கள் உணர்ந்தோம்.

இன்னும் சில. புகையும் புகையிலையும் இரத்த நாளங்களின் பகை. சலூனில் கழுத்தை வெடுக்கென முறித்து நெட்டி எடுப்பது, மூளைக்குச் செல்லும் தமனியின் உட்சுவரையே கிழித்துவிடக் கூடும், வேண்டாமென்று சொல்லிவிடுவோம். உறக்கத்தில் மூச்சுத் திணறும்படி உரக்கக் குறட்டை விடுபவரை மருத்துவரிடம் காட்டுவோம். அதுவும் இரத்த அழுத்தத்தை உயர்த்தும்.

ரமளானுக்கு முன்

இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள் நோன்புக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மாத்திரைகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்றித் தர அவரால் இயலும். நோன்பு நோற்கவே கூடாதென்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை அளித்திருக்கிறான். அதை ஏற்பதும் கீழ்ப்படிதலே. இரவில் போதிய நீர் அருந்துவோம். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதன் பக்கத்தில் குவியும் சமோசாவையும் பஜ்ஜியையும் குறைப்போம். தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. மாத்திரை கிடைப்பது இன்று கடினமல்ல. நம் பெற்றோர் அதை விழுங்கினார்களா என்று கேட்பதுதான் பாக்கி.

மருத்துவமனையில் நான்காம் நாள் வாப்பாவால் எங்கள் பெயர்களைச் சொல்ல முடியவில்லை. உம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல முயன்று, சொல் கிடைக்காமல் அழுதார்கள். உம்மா கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதத் தொடங்கினார்கள். இரண்டாம் வசனத்தில் வாப்பாவும் சேர்ந்துகொண்டார்கள். இறுதிவரை ஓதினார்கள். நெடுநாள் ஓதிப் பழகியவை இப்படி எஞ்சி நிற்பதுண்டு என்று மருத்துவர் கூறினார். நாங்கள் சுற்றி நின்று ஆமீன் சொன்னோம்.

இன்று வாப்பா கைத்தடியுடன் நடக்கிறார்கள். எங்கள் பெயர்களில் மூன்றைச் சொல்கிறார்கள். இரவில் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை அருகே நிற்பது எங்களில் ஒருவரின் பொறுப்பு. வாப்பா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து காட்டுவார்கள்.

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என நபி (ஸல்) அவர்கள் உணர்த்தியிருக்கிறார்கள். நம் பெற்றோரின் உடலுக்கும் அந்த உரிமை உண்டு. இன்றிரவு அவர்களிடம் ஒரு கேள்வி கேட்போம்: "மாத்திரை போட்டீர்களா?"

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோருக்கும் நோயுற்ற அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக. நீ தந்த அமானிதத்தைப் பேணும் நல்லறிவை எங்களுக்கு வழங்குவாயாக. ஆமீன்.