ஒரு 'ப்' படுத்திய பாடு

ராஜகீழ்ப்பாக்கமா, ராஜகீழ்பாக்கமா? 2023ல தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போற நேரத்துல வீட்டுல இதான் பஞ்சாயத்து. அப்பா 'ப்' வரணும்னார். நான் பொட்டி தட்டுறவனாச்சே, கூகுளாண்டவரைக் கேட்டேன்.

நெருப்புநரிக்கு கிரீஸ்மங்கின்னு ஒரு நீட்சி இருக்குங்க, 2004ல ஆரன் பூட்மன் ஆரம்பிச்சது. நாம எழுதுற குட்டி ஜாவாஸ்கிரிப்டை அடுத்தவங்க பக்கத்துல ஓட விடும். ரெண்டு வார்த்தையையும் தேடி, "சுமார் இத்தனை முடிவுகள்"ங்கிற வரியை மட்டும் உருவி அருகருகே காட்டுற மாதிரி ஒரு நிரல் எழுதினேன். 'ப்' இல்லாதது அமோக வெற்றி! அப்படியே அச்சடிச்சாச்சு.

அப்புறம்தான் சந்தேகம் வந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தட்டிப் பார்த்தேன். ஆயிரக்கணக்குல காட்டின எண் சில நூறா சுருங்கிப் போச்சு. அந்த "சுமார்" சும்மா இல்ல மக்களே, எண்ணிப் பார்க்காம போடுற உத்தேசக் கணக்கு. மேற்கோள்குறி போடலேன்னா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்குற எழுத்தையும் சேர்த்துக்கும். (நான் போடலை, ஹி ஹி.) 2024ல அந்த வரியையே 'டூல்ஸ்'க்குப் பின்னால தள்ளிட்டாங்க, நிரலும் படுத்துடுச்சு.

விஷயத்தைச் சொன்னப்ப அப்பா ஒண்ணும் திட்டலை. மறுநாள் காலைல பார்த்தா, முன்னூறு பத்திரிகையையும் அடுக்கி வெச்சு பால்பாயிண்ட் பேனாவால ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டி 'ப்' சொருகிட்டு இருந்தார்.