தேனும் காந்தாரியும்

இனிப்பும் காரமும் இயல்பால் வேறுபட்டவை. ஒன்று நாவுக்கு இதந்தரும். மற்றொன்று நாவைச் சுடும். இவ்விரண்டையும் ஒரே சாடியில் இட்டு, நாள்பட வைத்து, ஒன்றன் இயல்பை மற்றொன்று ஏற்கச் செய்யும் வழக்கம் தென்கோடியில் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலும் அதனை அடுத்துள்ள கேரளத்திலும் காந்தாரி மிளகாயைத் தேனில் ஊறவைப்பர். அவித்த மரச்சீனிக் கிழங்கிற்கும் கஞ்சிக்கும் அது ஏற்ற தொடுகறியாகும். பார்ப்பதற்கு எளிய செயலே. ஆயினும், அதன்கண் அடங்கியுள்ள அறிவு எளியதன்று. அதனை ஒரு பேரனும் பாட்டியும் ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்ட வரலாறு கேட்கத்தக்கது.

மார்த்தாண்டத்தைச் சூழ்ந்துள்ள ஊர்கள் தேனுக்குப் பெயர் பெற்றவை. 1920-களில் இளைஞர் கிறித்தவ சங்கத்தார் அங்கே பெட்டிகளில் தேனீ வளர்க்கும் முறையைப் பரப்பினர். அதுமுதல் அவ்வூர்களில் தோட்டந்தோறும் தேன்பெட்டிகள் இடம்பெற்றன. அத்தகைய ஊர் ஒன்றில் எழுபது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவர் வாழ்ந்து வந்தார். இரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் அவருக்குச் சில பெட்டிகள் இருந்தன. முன்னர் அவரிடம் முப்பது பெட்டிகள் இருந்தன. 1991, 1992-ஆம் ஆண்டுகளில் தென்னாட்டுத் தேனீக்களிடையே ஒரு கொள்ளைநோய் பரவியது. மார்த்தாண்டத்துப் பெட்டிகளுள் மிகப் பல அழிந்தன. மூதாட்டியின் முப்பது பெட்டிகளும் அவ்வாறே வெறுமையாயின. அவர் மனந்தளராது, காட்டோரத்து மரப்பொந்து ஒன்றிலிருந்து ஒரு கூட்டத்தைப் பிடித்து வந்து, மீண்டும் தொடங்கினார்.

அவர்தம் தேன் பெரும்பாலும் மலர்த்தேன் அன்று. தை பிறந்தபின், இலையுதிர்த்து நின்ற இரப்பர் மரங்கள் புதுத்தளிர் விடும். அத்தளிரில், காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில் இனிய நீர் துளித்து நிற்கும். தேனீக்கள் அதனை உண்டு, கூட்டுக்குக் கொணர்ந்து, அறைகளில் சேர்த்து, இறகுகளால் விசிறி நீரை வற்றச்செய்யும். போதிய அளவு வற்றியதும் அறையின் வாயை மெழுகால் மூடும். அவ்வாறு மூடப்பெற்ற அடையின் தேனே முதிர்ந்த தேன். அதன் நூறு பங்கில் ஏறத்தாழ 20 பங்கே நீர். எஞ்சியதில் பெரும்பகுதி சர்க்கரையாம்.

காந்தாரியோ வேற்று நாட்டிலிருந்து வந்து குடியேறிய இனத்தைச் சேர்ந்தது. மிளகாய் தமிழகத்தின் பழம்பொருள் அன்று. சங்கப் புலவர் அறிந்த கறியின் காரம் மிளகின் காரமே. 1492-இல் கொலம்பசு மிளகு விளையும் நாட்டை நாடிக் கடலோடி, அமெரிக்கத் தீவுகளை அடைந்து, அங்கே மிளகாயைக் கண்டார். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அதனை இந்தியாவிற்குக் கொணர்ந்தனர். மிளகைப்போல் உறைக்கும் காய் ஆதலின், அது மிளகாய் எனப் பெயர் பெற்றது. அவ்வினத்துள் காந்தாரி மிகச் சிறியது. செடியில் தலைகீழாகத் தொங்காது, வானத்தை நோக்கி நிற்கும். அதன் காரம் பறவைகளுக்குத் தெரியாது. பழுத்த காந்தாரியை அவை கொத்தித் தின்று விதைகளைப் பல இடங்களிலும் பரப்பும். ஆதலின், விதைப்பார் இன்றியும் வேலியோரங்களில் அச்செடி முளைத்து நிற்பதைக் காணலாம்.

மூதாட்டி தேனில் மிளகாய் ஊறவைக்கும் முறை திருத்தமானது. காந்தாரியைப் பறித்துக் கழுவி, துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் மூன்று நாள் பரப்பி வாடவிடுவார். வாடிய காயின் காம்பைக் களைந்து, ஒவ்வொன்றையும் கத்திமுனையால் சிறிது கீறுவார். காரம் விதையில் உள்ளதெனப் பலர் எண்ணுவர். அது விதைகள் பற்றியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயே மிகுதியாக உள்ளது. கீறினாலன்றித் தேன் அவ்விடத்தைச் சென்று சேராது. பின்னர், வெயிலில் காய்ந்த சாடியில் காய்களை இட்டு, அவை மூழ்குமாறு தேனை ஊற்றி, வாயைத் துணியால் கட்டுவார். நாள்தோறும் ஈரமற்ற மரக்கரண்டியால் கிளறுவார். நாற்பது நாள் கழிந்த பின்னரே அதனை இலைக்குக் கொணர்வார்.

நாற்பது நாள் எதற்கு? காரத்திற்குக் காரணமான பொருள் கேப்சைசின் எனப்படும். அது எண்ணெயில் எளிதில் கரையும். நீரிலோ மிக அரிதாகவே கரையும். ஆதலின், தேனில் காரம் ஏறுதல் மெல்லவே நிகழும். முதல் நாள் காய்கள் தேனின்மேல் மிதக்கும். தேன் அவற்றின் நீரைத் தன்பால் ஈர்க்க ஈர்க்க, அவை சுருங்கித் தாழும். தேனும் சற்று இளகும். இக்கொடுக்கல் வாங்கல் முடியும்வரை பொறுத்திருத்தலே அத்தொழிலின் உயிர்நிலை.

மூதாட்டியின் பேரன் ஒன்பதாம் வகுப்பில் பயின்று வந்தான். நாற்பது நாள் பொறுக்க அவனுக்கு மனம் இல்லை. ஒருநாள் பாட்டி சந்தைக்குச் சென்றிருந்த சமயம், கிண்ணம் நிறையக் காந்தாரி பறித்துக் கழுவினான். துடைக்கவில்லை, வாடவைக்கவும் இல்லை. நீர் சொட்டச் சொட்ட அவற்றை ஒரு கண்ணாடிக் குப்பியில் இட்டுத் தேனை ஊற்றி, மூடியை இறுகத் திருகி, விரைவில் ஊறட்டும் என்று அடுப்பங்கரையில் வைத்தான்.

ஒரு வாரம் சென்றது. ஓர் இரவு அடுக்களையில் படீரென ஓசை எழுந்தது. விளக்கேற்றிப் பார்த்தபொழுது குப்பியின் மூடி ஒரு மூலையில் கிடந்தது; நுரைத்த தேன் சுவரெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. புளித்த வாடை வீடெங்கும் வீசியது. பேரன் தலைகுனிந்து நின்றான். ஒரு குப்பித் தேன் சேர எத்தனை தேனீக்கள் எத்தனை நாள் உழைத்திருக்கும் என்பதை அவன் அறியாதவன் அல்லன்.

மூதாட்டி சினந்தாரில்லை. அந்நாட்டு வழக்கப்படி அவனை, "மக்களே!" என விளித்து, அருகில் அமர்த்திக்கொண்டார்.

"தேன் கெடாது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள், பாட்டி? இது ஏன் கெட்டது?" என்றான் அவன்.

"தேன் கெடாது என்றது மெய்யே. ஆனால், நீ ஊற்றிவைத்தது தேன் அன்று. தேன் கலந்த நீர். தேனுக்குள் அகப்பட்ட எதுவும் செத்துவிட்டதென்று எண்ணாதே, மக்களே! அது உறங்குகிறது. உறக்கம் கலையும் வழியை நாம் திறந்துவிடாமல் இருந்தால், அதுவும் உறங்கிக்கொண்டே இருக்கும்."

பட்டறிவால் அம்மூதாட்டி கூறியது அறிவியலுக்கும் ஒத்ததே. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் தேனில் இயல்பாகவே உண்டு. அங்கே நீர் குறைவு, சர்க்கரை மிகுதி. ஆதலின் அவை பெருக வழியின்றி அடங்கிக் கிடக்கும். ஈரக் காய்களால் நீர் மிகுந்தபொழுது, அவை விழித்தெழுந்து சர்க்கரையை உண்டு காற்றை வெளியிட்டன. அக்காற்று வெளியேற வழியின்றி மூடியைத் தள்ளிற்று. பேரன் இதனைத் தன் பாடக்குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

சில திங்கள் கழிந்தன. மூதாட்டியின் மகள் பேறுகாலத்திற்குத் தாய்வீடு வந்து, மருத்துவமனையில் ஆண்மகவு ஒன்றைப் பெற்றாள். தாயும் சேயும் வீடு திரும்பும் நாள் வந்தது. குழவியின் நாவில் தேன் தொட்டுவைத்தல் அக்குடும்பத்தின் வழக்கம். மூதாட்டி தம் மக்கள் நால்வர்க்கும் தம் கையாலேயே தேன் தொட்டுவைத்தவர். அன்றும் அவ்வாண்டின் முதல் தேனை ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வார்த்து வைத்தார். உற்றார் பலர் கூடியிருந்தனர்.

அவ்வமயம் பேரன் பாட்டியின் அருகே சென்று, தாழ்ந்த குரலில், "பாட்டி, தேன் வேண்டா. ஓராண்டு நிறையுமுன் குழந்தைக்குத் தேன் தரலாகாது என்று ஊர்ச் செவிலியர் சொன்னார்" என்றான்.

கூடியிருந்தோர் நகைத்தனர். "உன் நாவிலும் இவர்தாம் தேன் வைத்தார், நீ நன்றாகத்தானே இருக்கிறாய்?" என்றார் ஒருவர். மூதாட்டியின் முகமும் சற்றே வாடியது. தாம் போற்றி வளர்த்த தேனை நஞ்சென்று கூறக் கேட்பது எளிதோ?

பேரன் பின்வாங்கவில்லை. "பாட்டி, தேனுக்குள் அகப்பட்ட எதுவும் சாவதில்லை, உறங்குகிறது என்று நீங்கள்தாமே சொன்னீர்கள்? செவிலியர் சொன்னதும் அதுவே. ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் சில தேனில் உறங்கிக் கிடக்குமாம். பெரியவர் வயிற்றில் அவை விழிப்பதில்லை. குழந்தையின் குடல் இன்னும் பக்குவப்படாதது, அங்கே விழித்துக்கொள்ளுமாம். எல்லாத் தேனிலும் அது இராது, எந்தத் தேனில் உண்டென்று கண்ணால் அறியவும் இயலாது" என்றான்.

சிறுவன் கூறியது உண்மையே. அந்நுண்ணுயிர் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் எனப்படும். அதன் வித்து குழவியின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சால் மலம் கட்டும், குழந்தை பால் உறிஞ்ச வலிவற்றுப்போகும், அழுகுரலும் மெலியும், மூச்சுவிடும் ஆற்றலும் குன்றக்கூடும். குழவிகளைப் பற்றும் இந்நோய் 1976-இல் கலிபோர்னியாவில் கண்டறியப்பட்டது. அரிதாகவே வருவதாயினும் கொடியது. ஆதலாலேயே, ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் துளித் தேனும் தரலாகாது என மருத்துவர் வலியுறுத்துகின்றனர்.

மூதாட்டி சிறிது நேரம் வாய்திறவாது நின்றார். அவர் பார்வை தோட்டத்தின் ஓரத்திலிருந்த பெட்டிகளின்மேல் சென்றது.

"அந்தக் கொள்ளைநோய் வந்தபொழுதும் இப்படித்தான்," என்றார். "பெரிய ஈக்கள் பறந்துகொண்டுதான் இருந்தன. நோய் வந்ததென்றே முதலில் நான் நம்பவில்லை. அடையைத் திறந்து பார்த்தபொழுது, உள்ளே புழுக்களெல்லாம் நீர்கோத்த பைபோல் மாண்டு கிடந்தன. வளர்ந்தவர்க்கு ஒன்றும் நேராதது இளங்குருத்தை அழித்துவிடும். அதை முப்பது பெட்டிகளை இழந்து கற்றேன். மறுமுறையும் இழந்துதான் கற்கவேண்டுமோ?"

இவ்வாறு கூறி, கிண்ணத்தை எடுத்துப் பேரனிடமே நீட்டினார். "இதை நீ உண், மக்களே! குழந்தைக்குத் தாய்ப்பாலினும் இனியது வேறொன்றும் வேண்டா" என்றார். நகைத்தவர்களும் அமைதியாயினர்.

அன்று மாலை மூதாட்டி மேலும் ஒன்று செய்தார். நன்கு காய்ந்த சிறு குப்பி ஒன்றில் அவ்வாண்டின் முதிர்ந்த தேனை நிரப்பி, மூடியிட்டு, பேரனைக்கொண்டு அதன்மேல் ஒரு தாள் ஒட்டச்செய்தார். குழந்தைக்கு ஓராண்டு நிறையும் நாளுக்கு மறுநாள் அதில் குறிக்கப்பட்டது. குப்பியைக் காந்தாரிச் சாடியின் அருகே வைத்துவிட்டு, "காரத்திற்கு நாற்பது நாள் பொறுத்தோம், பிள்ளைக்கு ஓராண்டு பொறுக்கமாட்டோமா? தேன் எங்கும் போய்விடாது, காத்திருக்கும்" என்றார்.

முதியோர் பட்டறிவும் இளையோர் கல்வியறிவும் இனிப்பும் காரமும்போல் வேறுபட்டவையாகத் தோன்றலாம். ஆயினும், கூறுவோர் பணிவோடு கூறி, கேட்போர் பொறுமையோடு கேட்பின், அவை ஒன்றன் பயனை மற்றொன்று பெருக்கும். அவ்வீட்டு அடுக்களையில் அடுத்தடுத்து நின்ற சாடியும் குப்பியும் அதற்குச் சான்றாக விளங்கின.