ஏலத்துல எடுத்தவனும் எடுத்து வச்ச விதையும்

கரிசக்காட்டுக்காரனுக்கு ஏலத்தைப் பத்தி யாரும் சொல்லித் தர வேணாம். பருத்தியைக் கொண்டுக்கிட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குப் போனா மறைமுக ஏலம். வியாபாரி சீட்டுல விலையை எழுதிப் போடுவார், பிரிச்சுப் பாக்குற வரைக்கும் நமக்கு வயித்துல புளியக் கரைக்கும். மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சே பேரம் முடியும். கம்மாய்க்குள்ள கெடக்குற சீமைக்கருவேலத்துக்கு ஏலம், மீனுக்கு ஏலம், திருவிழாவுல எலுமிச்சம்பழத்துக்குக்கூட ஏலம். அதனால மும்பையில கபடி ஆட்டக்காரங்களை ஏலம் விடுறதை டீக்கடையில உக்காந்து செல்போன்ல பாக்கும்போது எங்க ஊர்ப் பெருசுகளுக்கு அது வேத்து விஷயமாத் தெரியறதில்ல. "அந்தப் பயலுக்கு இவ்வளவு விலை தாங்காதுப்பா, முட்டியப் பாரு" என்று மாட்டைப் பாக்குற கண்ணாலேயே ஆளையும் பாத்துச் சொல்லிவிடுவார்கள்.

சென்னையிலும் பெங்களூருவிலும் இருந்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஏலம்னா சிஎஸ்கேதான் ஞாபகம் வரும். எங்க பக்கம் கிரிக்கெட் ஆடுற பசங்க இல்லாம இல்ல. ஆனா அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி, நரிக்குடி பக்கம் போய்ப் பாருங்க. தை பிறந்தா சுவரெல்லாம் 'மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி' நோட்டீஸ்தான். மேல சாமி படம், கீழ முதல் பரிசு, இரண்டாம் பரிசு, சுழற்கோப்பை, பரிசு கொடுக்குறவங்க பேரு. அதனால எங்க டீக்கடை சண்டை தமிழ் தலைவாஸைப் பத்தி. 2017-ல இந்த அணி புரோ கபடியில சேர்ந்ததுல இருந்து இந்தச் சண்டை ஓயல.

சண்டைக்குக் காரணம் இருக்கு. 2019-ஐ எடுத்துக்கோங்க. அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர் ஏற்கெனவே இருந்தாங்க. அதோட ராகுல் சௌத்ரியை 94 லட்சத்துக்கு எடுத்தாங்க. பேரைக் கேட்டாலே எதிரணி வெலவெலத்துப் போகணும். கடைசியில 12 அணியில 12-ஆவது இடம். "பேரு பெத்த பேரு, தாக நீலு லேதுன்னு தெலுங்குல சொல்வாங்க, அந்தக் கதைதான்" என்று எங்க ஊர் நாயக்கர் தாத்தா ஒருவர் சொன்னதை இன்னமும் சொல்லிச் சிரிப்போம்.

அடுத்து 2022. அந்த வருசம் ஒரு அணி ஏலத்துல செலவழிக்கக்கூடிய மொத்தப் பணம் 4 கோடியே 40 லட்சம். அதுல பவன் செராவத்துக்கு மட்டும் 2 கோடியே 26 லட்சம் கொடுத்தாங்க. பாதிக்கு மேல ஒரே ஆளுக்கு. வாங்குன கடன்ல பாதியை ஒரே பயிர்ல போட்ட மாதிரின்னு அன்னைக்கே ஒரு சித்தப்பா சொன்னார். முதல் ஆட்டம் குஜராத் ஜெயண்ட்ஸோட. அந்த அணிக்குக் கேப்டன் யாருன்னா நம்ம தமிழ்நாட்டுப் பையன் சந்திரன் ரஞ்சித். ஆட்டம் சூடு பிடிக்கிறதுக்குள்ள பவனுக்கு முழங்கால்ல அடி. தூக்கிக்கிட்டுப் போனாங்க. அந்த சீசன் முழுக்க அவர் திரும்ப வரல.

டீக்கடையில எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. ஆனா நடந்தது வேற. நரேந்தர்னு ஒரு சின்னப் பையன், அதுதான் அவனுக்கு முதல் சீசன், ரெய்டுல மட்டும் 243 புள்ளி எடுத்தான். சாகர் ராட்டி கார்னர்ல நின்னு பிடிச்சான். அஜிங்க்ய பவார் தோள் கொடுத்தான். அணி முதல் முறையாப் பிளே-ஆஃப் போச்சு. உ.பி. யோத்தாஸை டை-பிரேக்கர்ல ஜெயிச்சு அரையிறுதி போய், புனேரி பல்டன்கிட்ட ரெண்டே புள்ளியில தோத்துச்சு. அணி வந்து இத்தனை வருசத்துல எங்க ஊர்க்காரங்க தலை நிமிர்ந்து பேசுன சீசன் அதுதான்.

எங்க சண்டையில ரெண்டு கட்சி அங்கதான் பிரிஞ்சது. "காசு போட்டு வாங்குனவன் கட்டையில போனான், கையில இருந்த பயதான் காப்பாத்துனான்" என்பது விதைக் கட்சி. நான் இந்தக் கட்சி. கம்பும் சோளமும் நாங்க வீட்டு விதைதான் போடுவோம். நல்ல கதிராப் பாத்து தனியா அறுத்து, காயவச்சு, வேப்பிலை போட்டுப் பானையில கட்டி வைப்போம். பஞ்சத்துலயும் விதைப் பானையில கை வைக்கக் கூடாது. பி.டி. பருத்தி அப்படியில்ல. வருசா வருசம் கடையில பாக்கெட் வாங்கணும். போன வருசம் நல்லா வெடிச்சதேன்னு அதுல இருந்து விதை எடுத்துப் போட்டா அதே மாதிரி வராது. தலைவாஸ்காரங்க ரொம்ப காலம் பாக்கெட் விதை விவசாயம்தான் பண்ணாங்க என்பது எங்க வாதம். 2024-லயும் அதே கதைதான். அந்த ஏலத்துலயே ஆகப்பெரிய விலையா 2 கோடியே 15 லட்சத்துக்குச் சச்சின் தன்வரை எடுத்தாங்க. பிளே-ஆஃப் போகல.

எதிர்க் கட்சியும் லேசுப்பட்டது இல்ல. அதுக்குத் தலைவர் என் மாப்பிள்ளை ஒருத்தர், அருப்புக்கோட்டையில விசைத்தறி ஓட்டுறவர். அவர் எடுத்து விடுற பேரு ஷாட்லூயி. ஈரான்காரர். 2023-ல புனே 2 கோடியே 35 லட்சம் கொடுத்து எடுத்துச்சு, கோப்பை புனேக்கு. அடுத்த வருசம் ஹரியானா 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்துச்சு, கோப்பை ஹரியானாவுக்கு. "இப்ப சொல்லுங்க மாமா, வெலைக்கு வாங்குன விதை வெளையலையா?" என்று அவர் கேட்டால் என்ன பதில் சொல்ல? நான் சொன்ன பதில் இதுதான்: புனேயில அஸ்லம் இனாம்தார், மோகித் கோயத்னு வீட்டு விதை ஏற்கெனவே முளைச்சு நின்னுச்சு. நல்லா வந்த வெள்ளாமைக்கு ஒரு மூட்டை உரம் வாங்கிப் போட்ட மாதிரி ஷாட்லூயி. வெறுங்காட்டுல உரத்தைக் கொட்டுனா என்ன முளைக்கும்? அதே 2023-ல தெலுங்கு டைட்டன்ஸ் பவனுக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல கொடுத்துச்சே. 22 ஆட்டத்துல ரெண்டு வெற்றி, கடைசி இடம்.

இதெல்லாம் பேசி முடிச்சதும் கடைசியா ஒரு கேள்வி வரும். அதுல ரெண்டு கட்சியும் ஒண்ணாச் சேந்துக்கும். "பேரு தமிழ் தலைவாஸ். ஏழு பேர்ல நம்ம பய எத்தன பேருப்பா?" சேரலாதன் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. நாப்பது வயசைத் தாண்டி 2016-ல கேப்டனா நின்னு கோப்பை வாங்குனது பாட்னாவுக்கு. பிரபஞ்சன் தலைவாஸ்ல ஆரம்பத்துல ஆடிட்டு குஜராத், ஹரியானான்னு சுத்திட்டுத்தான் திரும்ப வந்தார். நம்ம மாநில விளையாட்டே கபடி. மணத்தி கணேசன் அர்ஜுனா விருது வாங்குன மண்ணு. அப்புறம் ஏன் ஹரியானாப் பையன் நம்ம சட்டையப் போட்டுக்கிட்டு ஆடுறான்?

கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டுப் பாத்தா பதில் தெரியும். அங்கெல்லாம் சின்ன வயசுலயே மேட்டுல ஆடப் பழகுறாங்க. ஊருக்கு ஊரு பயிற்சி, பாலு, நெய்யி, நல்லா ஆடுனா ரயில்வேயிலயும் ராணுவத்துலயும் போலீஸ்லயும் வேலை. கபடியே அங்க ஒரு வெள்ளாமை. எங்க பசங்க மண்ணுல ஆடுறவங்க. வெறுங்கால்ல மண்ணைப் பிடிச்சு நின்னு பழகுனவனை ஷூ மாட்டி மேட்டுல நிறுத்துனா முதல் நாள் கால் சொன்ன பேச்சு கேக்காது. பகல்ல மில்லுக்கோ தறிக்கோ போயிட்டு ராத்திரி ஒரு மணி நேரம் ஆடுறவனையும், நாள் பூரா ஆடுறதே வேலையா இருக்கிறவனையும் ஒரே தராசுல நிறுத்தி விலை சொல்றாங்க. தராசு பொய் சொல்லல. விளைய வைக்காததைச் சந்தையில தேடுனா எப்படிக் கிடைக்கும்?

இதை நான் டீக்கடைக்காக மட்டும் சொல்லல. போன தைக்கு எங்க ஊர்லயே ஏலம் வந்துருச்சு.

வெளியூர்ல கடை வச்சு நல்லா இருக்கிற எங்க ஊர்க்காரர் ஒருத்தர் டீமுக்குன்னு முப்பதாயிரம் கொடுத்தார். "இந்தத் தடவ கோப்பை நம்ம ஊர்ல இருக்கணும்." அவ்வளவுதான் அவர் சொன்னது. மந்தையில வேப்ப மரத்தடியில கூட்டம். பழைய ஆட்டக்காரன்னு என்னையும் கூப்பிட்டிருந்தாங்க. அந்தக் காசுக்கு மூணு பேரை வெளியில இருந்து இறக்கலாம், ரெண்டு ரெய்டர், ஒரு கார்னர்னு பேச்சு ஓடுச்சு. நம்ம ஏழு பேர்ல மூணு பேர் வெளியே உக்காரணும்னு அர்த்தம். நான் எழுந்து, "ஏப்பா, ரெய்டுக்கு வேணா ஆள் கொண்டாங்க. கார்னர்ல நம்ம பய இருக்கானே. அந்த மிச்சக் காசுல பழைய மேட்டு எங்கயாவது கிடைக்குமான்னு விசாரிப்போம், பசங்க பழகட்டும்" என்றேன். ஒருத்தரும் காதுல வாங்கல. தலைவாஸ்ல தமிழ்ப் பையன் இல்லையேன்னு மேசையைத் தட்டுன அத்தனை பேரும் வெளியூர் ஆளுக்குத்தான் கை தூக்குனாங்க. எங்க மாப்பிள்ளையாவது தன் கட்சிப்படி கை தூக்குனார். விதைக் கட்சிக்காரங்களும் தூக்குனதுதான் எனக்கு வலிச்சது.

அந்தக் கார்னர் பையனுக்குப் பத்தொன்பது வயசு. நூல் மில்லுல ஷிப்ட்டு. அப்பா கரிமூட்டம் போடுறவர். கணுக்காலைப் பிடிச்சான்னா உடும்புப் பிடி. மாவட்ட அளவுல ஆடி சான்றிதழ் வாங்குனா விளையாட்டு ஒதுக்கீட்டுல போலீஸ் வேலைக்கு எழுதலாம்னு அவனுக்கு ஒரு கணக்கு. மாவட்டத்துக்கு எடுக்கிறவங்க வந்து பாக்கிறது இந்த மின்னொளி ஆட்டங்களைத்தான். அன்னைக்கு ராத்திரி அவன் பனியனை மாட்டிக்கிட்டு கோட்டுக்கு வெளிய உக்காந்திருந்தான். ஆடுறவங்களுக்குத் தண்ணி கொண்டு கொடுத்தான். நாங்க அரையிறுதியில தோத்தோம். வெளியூர் ஆளுங்க காசை எண்ணி வாங்கிக்கிட்டு விடியறதுக்குள்ள வண்டி ஏறிட்டாங்க. அவங்க மேல தப்பில்ல, பேசுன காசுக்கு நல்லாத்தான் ஆடுனாங்க. மூணு பேருக்கும் நாலு பேருக்கும் நடுவுல ஒரு பழக்கம் இல்ல, அவ்வளவுதான். கார்னர் எப்பப் பாய்வான்னு கவருக்குத் தெரியல.

பங்குனியில திருச்சுழிப் பக்கம் ஒரு ஊர்ல போட்டி. அங்க எங்க பயலை எதிர் கோட்டுல பாத்தோம். பக்கத்து ஊர் டீம் அவனுக்கு ஆட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பேசிக் கூட்டிக்கிட்டுப் போயிருக்கு. இப்ப அவன் வெளியூர் ஆளு. எங்களோட ஆட்டத்துல நாலு பேரைப் பிடிச்சான். ஒவ்வொரு பிடிக்கும் எங்க ஊர்ச் சனமே கை தட்டிட்டு, அப்புறம் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

திரும்பி வரும்போது டீக்கடையில நிறுத்திக் கேட்டேன். "ஏன்டா, நம்ம ஊர விட்டுட்டியே?"

"விடலண்ணே. அங்க ஏழு பேர்ல என்னையும் ஒருத்தனா எண்ணுறாங்க. இங்க எட்டாவதா உக்காந்திருக்கேன். மாவட்டத்துக்கு ஆள் எடுக்க வர்றவரு எட்டாவது ஆளைப் பாக்க மாட்டாருண்ணே." டீயை வாங்கிக்கிட்டு, "காசு எனக்கு ரெண்டாவதுதான்" என்றான்.

இந்த வருசத் தைக்கு இன்னும் கூட்டம் போடல. முப்பதாயிரம் கொடுத்தவர் இந்தத் தடவையும் தர்றேன்னு சொல்லியிருக்கார். அந்தப் பயலைத் திரும்ப இழுக்கணும்னு இப்பவே பேச்சு. "அவன் கேக்குறதைக் கொடுத்துருவோம்" என்கிறார் அன்னைக்குக் கை தூக்குன ஒருத்தர். போன வருசம் ஒரு பைசா இல்லாம வீட்டுல இருந்தவனை இந்த வருசம் விலைக்கு வாங்கப் பாக்குறோம். தலைவாஸ் விட்டுட்டுப் போன பவனை 2025-ல 59 லட்சத்து 50 ஆயிரத்துக்குத் திரும்ப எடுத்தப்ப இதே ஆளுங்கதான் விழுந்து விழுந்து சிரிச்சாங்க.

என் ஓட்டு பழையபடிதான். ரெய்டுக்கு ஒருத்தனை வெளியில எடுங்க, வேணாங்கல. ஆறு பேர் ஊர்ப் பசங்க. மிச்சக் காசு மேட்டுக்கு. கோப்பை ரெண்டு வருசம் தள்ளிக் கிடைச்சாலும் பரவாயில்ல. பள்ளிக்கூடம் விட்டு வந்து கோட்டோரம் நின்னு பாக்குற பொடிசுக இப்பவே பத்துப் பேர் இருக்கானுக. அதுல ஒருத்தன் கணுக்காலைப் பிடிக்கிற அழகைப் பாத்தேன். அவனுக்கு இப்ப பன்னெண்டு வயசு. கூட்டத்துல அவன் பேரையும் சொல்லலாம்னு இருக்கேன்.