டெப் எடுக்கப் போறீங்களா? காசு கொடுக்க முன் ஸ்கிரீனைப் பாருங்க



உயர்தர வகுப்புக்குப் புதிய பிள்ளைகள் சேரும் காலத்தில் எங்கள் ஆசிரியர் அறைக்கு வரும் பெற்றோர் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், மகளுக்கு ஒரு டெப் எடுக்கணும். எந்தக் கொம்பனி நல்லம்?" நாங்கள் இப்போது அதற்குப் பதில் சொல்லும் முன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறோம். "கடையில வெச்சி எப்படிப் பார்த்து எடுக்கப் போறீங்க?" பெரும்பாலும் வரும் பதில், "புதுச் சாமான்தானே சேர், பெட்டி உடைக்காமத்தானே வருது" என்பதுதான்.

இந்தப் பதிவு அதற்காகத்தான். கொஞ்சம் நீளம். டெப் எடுக்க நினைத்திருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் இதில் சில வார்த்தைகள் இருக்கின்றன.

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது நாங்கள் வட்சப்பில் பாடம் அனுப்பினோம். ஒரு வீட்டில் ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள். வாப்பா கடலுக்குப் போனால் போனும் கடலுக்குப் போய்விடும். அந்த நாட்களுக்குப் பிறகுதான் டெப் என்பது வசதியான வீட்டுச் சாமான் என்ற நிலை மாறி, படிக்கிற பிள்ளைக்கு வேண்டிய சாமான் ஆனது. 2022 இல் ரூபாய் விழுந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. வெளிநாட்டுச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. இன்று எங்கள் ஊரில் ஒரு கூலித் தொழிலாளி நல்ல டெப் ஒன்றை எடுக்கிறார் என்றால், பல மாதச் சேமிப்பை ஒரே நாளில் கொடுக்கிறார் என்று அர்த்தம்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் கதையைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், கடையின் பெயரும் வேண்டாம். வாப்பா மீன்பிடித் தொழில். உம்மா காதுத் தோட்டை ஈடு வைத்து 68,000 ரூபாய்க்கு டெப் எடுத்துக் கொடுத்தார். கடையில் பெட்டியைத் திறந்து, ஸ்கிரீன் எரிகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து நாலாம் நாள்தான் பிள்ளைக்கு விளங்கியது, ஸ்கிரீனின் கீழ்ப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு டச் வேலை செய்யவில்லை என்று. எழுதும்போது கீபோர்டின் கடைசி வரிசை அந்த இடத்தில்தான் வரும். இடைவெளி விடக்கூட முடியாது. அந்தப் பிள்ளை டெப்பைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து எழுதப் பழகிக்கொண்டது. வீட்டில் சொன்னால் உம்மா கவலைப்படுவார் என்று இரண்டு கிழமை சொல்லவே இல்லை.

பிறகு கடைக்குக் கொண்டு போனார்கள். கடைக்காரர் கெட்டவர் இல்லை. ஏஜன்டுக்கு அனுப்பினார். ஐந்து கிழமை கழித்து, அழுத்தம் பட்டதால் வந்த பழுது, வொரண்டியில் அடங்காது என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். இது கொம்பனியில் இருந்தே வந்த பழுதா, வீட்டில் யாராவது மேலே உட்கார்ந்ததா? அந்த உம்மாவுக்கும் தெரியாது, கடைக்காரருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் சத்தியம் பண்ணலாம். ஆனால் பழுது எப்போது வந்தது என்பதற்கு யாரிடமும் சாட்சி இல்லை. காசு கொடுக்கும் முன்னர் பத்து நிமிடம் பார்த்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடம் இருந்திராது.

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டோம். அந்த உம்மா சொன்னார்: "எப்படி சேர், நம்பாத மாதிரி இருக்கும்தானே. ஊர்க்காரர், நாளைக்கும் முகம் பார்க்கணும்."

இந்தக் கூச்சம்தான் எங்களை யோசிக்க வைத்தது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லை. தயிர்ச் சட்டியைச் சரித்துப் பார்க்கிறோம். நெல்லை வாயில் போட்டுக் கடித்து ஈரம் பார்க்கிறோம். மாடு பிடிக்கப் போனால் பல்லைப் பார்க்காமல் பேச்சே தொடங்குவதில்லை. அங்கெல்லாம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. 500 ரூபாய் மீனுக்கு இல்லாத வெட்கம் 68,000 ரூபாய் டெப்புக்கு ஏன் வருகிறது? எதைப் பார்ப்பது என்று தெரியாததால்தான் வருகிறது. தெரியாத இடத்தில் பேசாமல் இருப்பதை நாம் மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் நம் எல்லோருக்கும் தெரியும். ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. உள்ளே ஈரம் இருந்தது. மழை பட்டுவிட்டது என்றார் வியாபாரி. அப்படியானால் சனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். மோசடி செய்பவரைப் பற்றிய எச்சரிக்கையை நாம் அடிக்கடி பயானில் கேட்கிறோம். ஆனால் அந்தச் சம்பவத்தில் முதலில் நடந்தது என்ன? குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தது. மழை வியாபாரியின் குற்றம் இல்லை. ஈரத்தை மறைத்ததுதான் குற்றம். டெப்பும் அப்படித்தான். புள்ளி விழுந்த ஸ்கிரீனைச் செய்தது கடைக்காரர் இல்லை. தெரிந்தும் மறைத்தால்தான் அது அவர் கணக்கில் எழுதப்படும்.

இனி, எப்படிப் பார்ப்பது?

1. வீட்டில் இருந்து புறப்படும் முன் உங்கள் போனில் ஐந்து படங்களை எடுத்து வையுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம். தேடினால் கிடைக்கும், இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் செய்து தருவார்கள். கடையில் இணையம் இல்லாவிட்டாலும் புளூடூத்தில் டெப்புக்கு அனுப்பலாம்.

2. ஸ்கிரீனில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளில் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம், அது கழற்றுகிற தாள். டெப்பைச் சரித்து, கடையின் லைட் அதில் விழும்படி பாருங்கள். கண்ணாடியில் கீறல், ஓரத்தில் வெடிப்பு, உள்ளே தூசு எல்லாம் அப்போதுதான் தெரியும்.

3. வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். கண்ணைப் பாதுகாக்கும் மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் நிறுத்துங்கள். பிறகு ஒவ்வொரு படத்தையும் முழு ஸ்கிரீனுக்கும் வருமாறு போட்டு, மேலிருந்து கீழாக மெதுவாகப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புப் புள்ளியும் மஞ்சள் படர்ந்த இடமும் தெரியும். கறுப்பில், அணையாமல் எரியும் புள்ளி தெரியும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் எதற்கு என்றால், ஸ்கிரீனின் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் இந்த மூன்று நிறத்துக்கும் மூன்று சிறு புள்ளிகள் இருக்கின்றன. 1280க்கு 800 அளவுள்ள ஸ்கிரீனில் மொத்தப் புள்ளிகள் 1,024,000. உள்ளே இருக்கும் சிறு புள்ளிகள் 3,072,000. அதில் ஒரு நிறம் மட்டும் செத்திருந்தால் வெள்ளையில் கண்ணில் படாமல் போகலாம், அந்த நிறத்தில் பிடிபடும்.

4. கறுப்புப் படத்தைப் போட்டபடி டெப்பைப் பைக்குள்ளோ துப்பட்டாவுக்குள்ளோ வைத்து இருட்டில் பாருங்கள். ஓரங்களில் லேசாக வெளிச்சம் கசிவது பல எல்சிடி ஸ்கிரீன்களில் உள்ளதுதான். ஒரு மூலையில் மட்டும் டோர்ச் அடித்த மாதிரி இருந்தால் வேறு ஒன்று கேளுங்கள்.

5. டச். அந்தப் பிள்ளைக்கு நடந்தது இதில்தான். ஒரு அப்பின் படத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் ஸ்கிரீன் முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். நான்கு ஓரமும் நான்கு மூலையும் முக்கியம். இடையில் எங்காவது அது கைவிட்டு விழுந்தால் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். படம் வரையும் அப் இருந்தால் நெருக்கமாகக் கோடு போட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது. கோடு அறுந்தால் தெரிந்துவிடும். பிறகு கீபோர்டைத் திறந்து எல்லா எழுத்தையும் ஒரு தடவை அடியுங்கள். டெப்பைக் குறுக்காகத் திருப்பி மறுபடியும் அடியுங்கள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்குங்கள்.

6. அதே டச்சைப் பெட்டியில் வந்த சார்ஜரைக் குத்திய நிலையிலும் பாருங்கள். சார்ஜர் தரம் குறைந்ததாக இருந்தால் சார்ஜ் ஏறும்போது டச் தானாகத் துள்ளும். பிள்ளைகள் பெரும்பாலும் சார்ஜில் போட்டபடிதான் படிக்கிறார்கள்.

7. வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து ஸ்கிரீன் துடிக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டில் இருந்தும் பாருங்கள். எங்கள் வீடுகளில் ஒரு டெப்பை இரண்டு பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பார்ப்பார்கள்.

8. சிம் போடுகிற டெப் என்றால் *#06# அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் பெட்டியில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்தையும் எழுதி, இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும்.

ஒரு புள்ளிதானே, பிறகு வொரண்டியில் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இங்கேதான் கவனம். ஸ்கிரீன் புள்ளிகளுக்கு ஒரு சர்வதேசத் தரநிலை 2001 இல் வந்தது, ஐஎஸ்ஓ 13406-2. பின்னர் 2008 இல் வந்த ஐஎஸ்ஓ 9241-307 அதன் இடத்தைப் பிடித்தது. முதலில் வந்த தரநிலையின் இரண்டாம் வகுப்பில், பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2, உள்ளே உள்ள சிறு புள்ளிகளில் பழுது 5 வரை இருக்கலாம். அதாவது உங்கள் கண்ணுக்குக் குறையாகத் தெரியும் ஒரு புள்ளி, கொம்பனியின் கணக்கில் குறையே இல்லாமல் இருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு அதற்காக வாதாடி வெல்வது கஷ்டம். கடையில், காசு கையில் இருக்கும்போது, "இது வேணாம் காக்கா, வேற ஒண்டு எடுங்க" என்று சொன்னால் முடிந்தது.

சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. எங்கள் நாட்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம் 1896 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கம். வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறைக்கு விற்பவரைப் பொறுப்பாக்க முடியாது என்பது அதில் உள்ள ஒரு விதி. ஆகவே பார்ப்பதாக இருந்தால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். அரைகுறையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவது நமக்கே பாதகமாக முடியலாம்.

மார்க்கச் சட்டத்திலும் வாங்கும்போது தெரியாமல் இருந்த பழைய குறைக்குப் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு. கியாருல் ஐப் என்று ஓதியிருப்போம். ஆனால் நமது ஷாஃபிஈ மத்ஹபில், குறை தெரிந்ததும் தாமதிக்காமல் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகும் பாவித்துக்கொண்டிருந்தால் அந்த உரிமை போய்விடும். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். பழுது தெரிந்தால் உம்மாவுக்குக் கவலை என்று மறைக்கக் கூடாது. அன்றைக்கே சொல்ல வேண்டும்.

பில் இல்லாமல் வெளியே வராதீர்கள். அதில் மொடல், தொடர் இலக்கம், திகதி, வொரண்டிக் காலம் எழுதியிருக்க வேண்டும். ஒரு சிறு குறையைத் தெரிந்தே விலை குறைத்து எடுத்தால் அதையும் பில்லில் எழுதி வாங்குங்கள். கடையோடு பேசித் தீராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977.

2009 இல் பாலம் திறந்த பிறகு திருகோணமலைக் கடைகள் நமக்குப் பக்கம்தான். ஆனாலும் ஒரு கூலித் தொழிலாளி பழுதான டெப்போடு மூன்று முறை போய் வந்தால் மூன்று நாள் சம்பளம் போகிறது. கொழும்பில் எடுத்தால் சொல்லவே வேண்டாம். கட்டாரில் இருந்தோ சவூதியில் இருந்தோ மாமா, சாச்சா கொண்டு வருவதாக இருந்தால், இதே பார்வையை அங்கேயே பார்த்து எடுக்கச் சொல்லி வட்சப் பண்ணுங்கள். அங்கு எடுத்த வொரண்டி பல நேரங்களில் இங்கு செல்லாது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை. வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே அந்த ஐந்து படத்தையும் போட்டுக் காட்டுங்கள். "பாருங்க ராத்தா, ஓரமெல்லாம் இழுத்துப் பாருங்க" என்று டெப்பைக் கையில் கொடுங்கள். பத்து நிமிடம் போகும், உண்மை. ஆனால் பிறகு ஒருவர் பழுதோடு வந்து நின்றால், இது இங்கே இருந்து போகும்போது நல்லாத்தான் போனது என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல உங்களுக்கும் ஆதாரம் இருக்கும். உங்களுடைய ஏஜன்ட் உங்களைக் கைவிடும்போது அந்தப் பத்து நிமிடம்தான் உங்களையும் காப்பாற்றும். குறையைச் சொல்லி விற்கும் வியாபாரத்தில்தான் பறக்கத் இருக்கிறது என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை.

அந்தப் பிள்ளை இன்னும் அதே டெப்பைத்தான் பாவிக்கிறது. சிறிய கீபோர்ட் ஒன்றை வாங்கிப் பொருத்திக் கொடுத்திருக்கிறோம். இப்போது எங்கள் பாடசாலைப் பெற்றோர் யாராவது டெப் எடுக்கப் போனால், முடிந்தவரை எங்களில் ஒருவர் கூடப் போகிறோம். சனிக்கிழமை பின்னேரம் என்றால் இன்னும் வசதி. ஐந்து படமும் எங்கள் போனில் இருக்கின்றன. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், அனுப்பி விடுகிறோம். உங்கள் வீட்டில் டெப் எடுக்க இருப்பவர்களுக்கு இதைப் பகிர்ந்து விடுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கல்வியிலும் நம் வியாபாரிகளின் சம்பாத்தியத்திலும் பறக்கத் செய்வானாக.

வஸ்ஸலாம்.